விடை சரி, காரணம் எங்கே?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே சிலர் என்னைப் பார்க்க வந்தீர்கள். "விடை சரிதானே, ஏன் பாதி மதிப்பெண்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். 'ஏன்' என்ற பகுதியை எழுதாமல் விட்டால் பாதிதான் போட வேண்டும் என்று ஆசிரியர்களிடம் சொன்னது நான். ஒரு பழைய கதையைச் சொன்னால் விளங்கும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட கடற்பயணம் போன மாலுமிகளை ஸ்கர்வி என்ற நோய் வாட்டியது. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், என்றோ ஆறிய புண்கூட மறுபடி திறந்துகொள்ளும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு ஜோடிக்கு வினிகர், இன்னொன்றுக்குக் கடல்நீர், இப்படி. (கடல்நீர் வாய்த்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.) ஆரஞ்சும் லெமனும் சாப்பிட்ட இருவரில் ஒருவர் ஆறே நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

விடை கிடைத்துவிட்டது. ஆனால் காரணம் லிண்டுக்கே தெரியாது. வியர்வை சரியாக வெளியேறாததால் வரும் நோய் என்று அவர் நம்பினார். பழம் கப்பலில் அழுகிவிடுமே என்று, சாற்றைச் சூடாக்கி வற்றவைத்து எடுத்துப்போகச் சொன்னார். நோயைத் தீர்த்த சத்தான வைட்டமின் சி அந்தச் சூட்டிலேயே பெரும்பாலும் அழிந்துபோகும்!

1795-இல் பிரிட்டிஷ் கடற்படை லெமன் சாறு கொடுக்கத் தொடங்கியது. நோய் ஏறக்குறைய மறைந்தது. அப்புறம் 1860-களில் லெமனை விட்டு லைமுக்கு மாறினார்கள். தமிழில் இரண்டையும் எலுமிச்சை என்கிறோம். அவர்களும் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டார்கள். புளிப்புதான் மருந்து என்றால் அதில் தவறில்லை. ஆனால் லைமில் வைட்டமின் சி மிகவும் குறைவு. அதற்குள் நீராவிக் கப்பல்கள் வந்து பயணங்கள் குறுகிவிட்டதால், மருந்து வேலை செய்யவில்லை என்பதே யாருக்கும் தெரியவில்லை. துருவப் பகுதிக்குப் போன குழுக்களில் நோய் திரும்பியபோதுதான் திகைத்தார்கள். சாற்றால் பயனில்லை, டின் இறைச்சி கெட்டுப்போவதுதான் காரணம் என்று மருத்துவர்களே சொன்னார்கள். கையில் இருந்த விடை நழுவிப்போய்விட்டது.

அதை மீட்டது கினிப் பன்றிகள். 1907-இல் நார்வேயில் இரண்டு ஆய்வாளர்கள் வேறொரு நோயைப் பற்றி ஆராய, அவற்றுக்குத் தானியம் மட்டும் கொடுத்தார்கள், ஸ்கர்வி வந்தது. பெரும்பாலான விலங்குகள் வைட்டமின் சி-யைத் தாமே உடலில் உண்டாக்கிக்கொள்ளும். கினிப் பன்றியால் முடியாது, நம்மாலும் முடியாது. அவர்கள் எலியை எடுத்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. 1932 வாக்கில்தான் அந்தச் சத்து இன்னதென்று உறுதியானது. லிண்டின் சோதனைக்கும் அதற்கும் இடையே 185 ஆண்டுகள்.

சரி, காரணம் தெரியாத விடைக்கு மதிப்பே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. நியூகோமனின் நீராவி எந்திரம் 1712-லேயே சுரங்கத்திலிருந்து நீரை இறைத்தது. வெப்பம் எப்படி வேலையாக மாறுகிறது என்று கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் எழுதியதோ 1824-இல். அதனால்தான் பூஜ்யம் போடாமல் பாதி போடச் சொன்னேன்.

விடைத்தாள்களை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்புங்கள். விட்டுப்போன 'ஏன்' பகுதியைப் பிள்ளைகள் எழுதித் தந்தால் மதிப்பெண்ணைத் திருத்துவோம். யோசித்து எழுதிய காரணம் தவறாக இருந்தாலும் மதிப்பெண் உண்டு. நீங்கள் மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். போன வீட்டுப்பாடத்தில் 'வெப்பக் கடத்துதிறன்' என்ற சொல்லைப் பார்த்ததுமே, எழுதியது அப்பாவா அம்மாவா என்றுதான் ஆசிரியர் அறையில் பேச்சு.

அன்புடன்,
தலைமையாசிரியர்