கரையில் பொறுக்கினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் மாணவர்கள் குப்பை பொறுக்கும் படங்களை உங்கள் நாளிதழில் பார்க்கிறேன். நல்ல காரியம்தான். ஆனால் கரையைக் கூட்டிவிட்டால் கடல் சுத்தமாகிவிடும் என்ற நிம்மதியும் அந்தப் படங்களோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

இந்தியப் பெருங்கடலில் உள்ள கொக்கோஸ் தீவுகள் 1955ல் ஆஸ்திரேலியாவின் கைக்கு மாறும்வரை சிங்கப்பூரிலிருந்துதான் நிர்வகிக்கப்பட்டன. அங்கு வசிப்பவர்கள் சுமார் 600 பேர். 2019ல் வெளியான ஆய்வின்படி அத்தீவுகளில் 414 மில்லியன் குப்பைத் துண்டுகள், 238 டன். அதில் காலணிகள் மட்டும் 977,000. அறுநூறு பேருக்கு எதற்கய்யா இத்தனை செருப்பு? எல்லாம் கடல் கொண்டுவந்து கொட்டியவை. மொத்தத்தில் 93 விழுக்காடு மணலுக்கடியில் புதைந்து கிடப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். எத்தனை பேர் போய்ப் பொறுக்கினாலும் கைக்கு எட்டாது.

துறவி நண்டுகளின் கதி இன்னும் மோசம். குடியிருக்கக் காலிச் சங்கு தேடி அலையும் நண்டு, மூடியில்லாத போத்தலுக்குள் இறங்குகிறது. வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் உள்ளேயே சாகிறது. செத்த நண்டின் வாடை, ‘இங்கே ஒரு கூடு காலி’ என்று மற்ற நண்டுகளை அழைக்கும். அடுத்தது வரும், அதுவும் மாட்டும். கொக்கோஸில் மட்டும் 508,000 நண்டுகள் இப்படிச் சிக்கியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

நம் குப்பைதான் எரிந்து சாம்பலாகிச் செமக்காவ் தீவின் குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறதே என்பார்கள். தொட்டிக்குள் விழுந்தது போகும். காற்றில் பறந்து கடலில் விழுந்தது?

2023 ஜூலையில் பேரங்காடிகள் பைக்கு 5 காசு வாங்கத் தொடங்கியபோது முணுமுணுத்தோம், பழகிவிட்டோம். ஆனால் நம் திருமணங்களில் இன்றும் ஆளுக்கொரு சின்னத் தண்ணீர்ப் போத்தல்தான். இரண்டு மிடறு குடித்துவிட்டு மேசையிலேயே விட்டுப் போகிறோம். எவர்சில்வர் குவளையில் ஊற்றிக் கொடுத்தால் கௌரவக் குறைச்சலாம்! குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக்கூடிய ஊரில் இது என்ன கௌரவமோ தெரியவில்லை.

விருந்துக்குக் குவளைகளை வாடகைக்குத் தந்து, கழுவியும் எடுத்துக்கொள்ளும் உணவு ஏற்பாட்டாளர்கள், தண்ணீர் நிரப்பும் வசதியுள்ள மண்டபங்கள் பற்றி உங்கள் நாளிதழ் விசாரித்து ஒரு பட்டியல் வெளியிட்டால், அடுத்த முகூர்த்த மாதத்துக்குள் பல வீடுகளுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்