டச்பே மணலில் எங்களோடு இறங்கி ஆடியவர்களுக்கு

திருகோணமலை வாழ் உறவுகளுக்கும், மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பகுதிகளிலிருந்து அன்று மாலை சிரமம் பாராது வந்து சேர்ந்த அனைவருக்கும், எங்கள் ஆட்டக் குழுவின் சார்பில் பணிவான வணக்கம்.

சடுகுடுவையும் கிளித்தட்டையும் கூத்தோடு இணைத்து நாங்கள் பயின்ற ஆட்டத்தை முதலில் குறித்த இடத்திலும் நேரத்திலும் நடத்த முடியாமற்போனது. எங்களுக்கு நேர்ந்தது என்னவென்பதை ஊரே அறியும். அதை மீண்டும் எழுதி எவர் மனத்தையும் புண்படுத்த நான் விரும்பவில்லை. ஆட்டம் இனி இல்லை என்றெண்ணிப் பிள்ளைகள் அழுது ஓய்ந்துவிட்ட நிலையில், இடம் மாறி, நேரம் மாறி, வெளிச்சமும் ஒலியும் அரைகுறையாக இருந்தபோதிலும், அது டச்பே கடற்கரையில் நல்லபடியாக நடந்து முடிந்தது. நடந்து முடிந்தது என்று எழுதும்போதே எனக்கு நெஞ்சு விம்முகிறது. சற்று ஆறியிருந்து எழுதலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆறிய பிறகு எழுதினால் சொல்ல வேண்டியவை குறைந்துவிடும் என்று அஞ்சியே இப்போதே எழுதுகிறேன்.

மின்பிறப்பாக்கியை வாடகை வாங்காமல் தந்தவர், தம் வீட்டு முற்றத்தைப் பிள்ளைகள் உடை மாற்றுவதற்காகத் திறந்துவிட்ட குடும்பத்தினர், சொல்லாமலே தேநீரும் கச்சான் கடலையும் கொண்டுவந்து கொடுத்தவர்கள், இரவு வெகுநேரமான பின்னரும் ஒவ்வொரு பெண்பிள்ளையையும் வீட்டுவாசல் வரை கொண்டுபோய்ச் சேர்த்த முச்சக்கரவண்டிச் சகோதரர்கள், பழைய மாணவர்கள், ஆசிரியர்கள், இடம் மாறிய செய்தியை ஊரெங்கும் வாய்வழியே பரப்பியவர்கள் ஆகிய உங்கள் எல்லோருக்கும் தனித்தனியே எழுத இம்மடலில் இடம் போதாது. நேரில் வந்து நன்றி சொல்வோம்.

கரையிலிருந்து வலை இழுத்து மீன்பிடிக்கும் கரைவலைத் தொழிலாளர்களைப் பற்றி மட்டும் சில வரிகள் எழுத வேண்டும். எங்கள் ஆட்டத்துக்கு உயிர், தரையில் கீறும் கோடுகள். அன்று கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி விடாமல் வீசிக்கொண்டிருந்தது. நாங்கள் இட்ட சுண்ணாம்புத் தூள் போட்ட கையோடே பறந்துபோனது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, எங்களிடம் எதுவும் கேளாமலே, பழைய கரைவலைக் கயிறுகளை இழுத்துவந்து, முளையடித்து, மணலில் கோடுகளாகப் பதித்துத் தந்தார்கள். காலில் தடக்காதிருக்க ஒவ்வொரு கயிற்றையும் கையால் மணலுக்குள் பாதியளவு புதைத்த அவர்களுடைய கவனத்தை எங்கள் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

இந்த மடலை நான் எழுதத் தொடங்கியது இன்னும் ஒருவருக்காக. அவர் செய்தது என்னவென்று விளங்க வேண்டுமானால் எங்கள் ஆட்டத்தின் அமைப்பை முதலில் சொல்ல வேண்டும்.

ஆட்டத்தின் முதற்பாகம் சடுகுடு. பெண்களுக்கான கபடிக் களத்தின் அளவில், 12 மீற்றர் நீளமும் 8 மீற்றர் அகலமும் கொண்ட களத்தில், ஆடும் பிள்ளைகள் மட்டுமே இறங்குவார்கள். மூச்சைப் பிடித்துப் பாடிச் செல்பவரின் 30 விநாடிகளுக்குள் எங்கள் மரபுக்கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்தின் ஆட்டக்கோலங்களையும் பரதத்தின் தட்டடவு, குத்தடவுகளையும் இணைத்திருந்தோம். இரண்டாம் பாகம் கிளித்தட்டு. இன்றைய பிள்ளைகளிற் சிலர் அதைப் பார்த்தேயிராமல் இருக்கலாம். நெடுக ஒரு நடுக்கோடும் அதைக் குறுக்கறுத்துப் பல கோடுகளும் தரையில் இருக்கும். ஒவ்வொரு குறுக்குக்கோட்டிலும் ஒருவர் மறித்து நிற்பார். கிளியாக நிற்பவர் மட்டும் நடுக்கோட்டில் ஓடித் திரிந்து தொடலாம். எதிர்க்கட்சியினர் எவருடைய கையும் படாமல் ஒவ்வொரு கோடாகக் கடந்து மறுமுனைக்குப் போய்த் திரும்ப வேண்டும். எங்கள் ஆட்டத்தில் கோடுகளை மறிப்பவர்கள் ஆட்டக்காரர்கள், கடப்பவர்கள் பார்வையாளர்கள். கடந்து திரும்பினால் ஆட்டம் ஒருவிதமாக முடியும், பிடிபட்டால் இன்னொருவிதமாக முடியும். இரண்டு முடிவுகளையும் பயின்று வைத்திருந்தோம். கூத்தில் ஆட்டக்காரரை நடத்துகின்ற மத்தளம் இங்கே முன்பின் அறியாத ஒருவருடைய கால்களைப் பின்தொடர்ந்து ஒலிக்க வேண்டும். ஆகவே, பார்க்க வந்தவர்களில் ஒருவராவது இறங்காவிட்டால் எங்கள் பயிற்சி அத்தனையும் வீண்.

அன்று எவரும் இறங்கவில்லை. கூத்தில் வருவோரை அறிவிக்கும் கட்டியகாரனாக வேடமிட்ட பிள்ளை மக்களை நோக்கிக் கைநீட்டி அழைத்தாள். மத்தளக்கார அண்ணா ஒரே தாளக்கட்டைத் திருப்பித் திருப்பி வாசித்தார். இளைஞர்கள் கைபேசிகளை உயர்த்திப் படம்பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்காக அவர்களைக் குறைகூறமாட்டேன். அவ்வளவு நடந்த பிறகு, பலர் முன்னிலையில் முதலாவதாக எழுந்து செல்வது எவருக்கும் எளிதல்ல. கோட்டில் நின்ற எங்கள் பிள்ளைகளின் முகங்கள் வாடத் தொடங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் எழுந்தார். பேரப்பிள்ளையைக் கூட்டிச் செல்ல வந்தவராக இருக்க வேண்டும். சிறுமி ஒருத்தி அவர் கையைப் பிடித்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கைப்பைக்குள் வைத்துப் பையைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு முதற்கோட்டின் முன்னே வந்து நின்றார். நின்றவர் உடனே ஓடவில்லை. கோட்டை மறித்து நின்ற எங்கள் பிள்ளையின் கால்களைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, கோட்டை விட்டுக் காலை எடுக்காத. எடுத்தா நான் போயிடுவன்" என்றார்.

நாங்கள் எழுதிவைத்த எந்த வசனமும் அதற்கு ஈடாகாது. எதிரே நிற்பவரை வெல்வதற்கு முன்னர் அவருக்கு மறிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டே அவர் ஆடத் தொடங்கினார். தோளை இடப்பக்கம் சாய்த்தார். பிள்ளையின் இரண்டு கைகளும் அந்தப் பக்கம் போயின. அவர் வலப்பக்கத்தால் கடந்துவிட்டார். மத்தளம் அந்தக் கணத்தில் அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த கோட்டில் அவர் அசையாமல் நின்றார், மத்தளமும் நின்றது. மறுபடி அசைந்தார், அதுவும் சேர்ந்து அசைந்தது. எங்கள் பிள்ளைகள் பயின்ற அடவுகளை விட்டுவிட்டு, ஆனால் தாளத்தை விடாமல், உண்மையாகவே மறிக்கத் தொடங்கினார்கள். நாங்கள் மாதக்கணக்காகத் தேடிய ஆட்டம் அது. கடைசிக்கு முந்திய கோட்டில் எங்கள் குழுவின் ஆகச் சிறிய பிள்ளையிடம் அவர் பிடிபட்டார். பிடித்தவளின் கன்னத்தைத் தட்டிவிட்டு, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "இனி நீங்கள் வாங்கோ" என்றார்.

அதன் பிறகு நடந்ததை அங்கு வந்திருந்தவர்கள் அறிவார்கள். ஏழு பேர் போதும் என்றிருந்த இடத்தில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எவராலும் எண்ண முடியவில்லை. படம்பிடித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் கைபேசிகளைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். தகப்பனும் மகளும் எதிரெதிர்க் கட்சிகளில் நின்றார்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கோட்டைக் கடக்க ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அம்மா சிறுமியைக் கூட்டிக்கொண்டு எப்போது புறப்பட்டார் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. அவர் யாரென்று விசாரித்து இங்கே பெயர் போடுவது முறையாகவும் எனக்குப் படவில்லை. அவர் விரும்பியிருந்தால் நின்று சொல்லியிருப்பார்.

அன்றிலிருந்து ஒன்றை ஓயாமல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் கூத்து வட்டக்களரியில் பிறந்தது. மக்கள் அதைச் சூழ்ந்து நாற்புறமும் இருந்தார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்ததால்தான் அது அழிந்துபோகாமல் எங்கள் தலைமுறையிடம் வந்து சேர்ந்தது. அந்தக் கடனை நான் எப்போதும் நினைவில் வைத்திருக்கிறேன். ஆயினும் மேடையேறியபோது மக்கள் ஒரே பக்கத்தில், நாற்காலிகளில், இருளில் அமரப் பழகிவிட்டார்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த மரக்கொம்புகளைக் கொளுவி வடம் பிடித்து இழுக்கும். வேடிக்கை பார்க்க மட்டும் வந்தவர் என்று அங்கே எவரும் இல்லை. அந்த வழக்கத்தை நாங்கள் நூல்களில் படித்தே ஆட்டத்தில் சேர்க்க முயன்றோம். அந்த அம்மாவுக்கு எவரும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் மனத்தில் நிற்கிறது. ஆசிய விளையாட்டு விழாவில் ஆண்களுக்கான கபடி 1990இல் பெய்ஜிங்கிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. பெண்களுக்கான போட்டிக்கு 2010இல் குவாங்சோ விழா வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பருவமடைந்ததும் முற்றத்துக் கோடுகளிலிருந்து வீட்டுக்குள் அழைக்கப்பட்ட பெண்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். அவர்களுடைய கால்கள் எதையும் மறக்கவில்லை என்பதை அன்று மாலை கண்ணாரக் கண்டோம்.

ஆகவே எங்கள் குழு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. இந்த ஆட்டத்தை இனி எந்த அழைப்பு வந்தாலும் மேடையில் ஏற்றமாட்டோம். தரையில், மக்கள் சூழ்ந்திருக்க, கோடு கீறி மட்டுமே ஆடுவோம். பிரமுகர்களுக்கென்று முன்வரிசை நாற்காலிகள் போடமாட்டோம். போகும் ஊர் ஒவ்வொன்றிலும் முதலாவதாகக் கோட்டின் முன்னே வருமாறு அந்த ஊரின் மூத்த பெண்களையே அழைப்போம். அடுத்து மூதூருக்குப் போகிறோம். கரைவலைக் கயிறுகளைக் கழுவிக் காயவைத்து உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டோம். அவர்களோ மூதூருக்கும் கொண்டுபோங்கள் என்று திரும்பத் தந்திருக்கிறார்கள்.

அம்மா, இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால், அல்லது உங்கள் பேரப்பிள்ளை வாசித்துச் சொன்னால், ஒரு வேண்டுகோள். வெயில் தணிந்த பின்னர் அதே கடற்கரையில்தான் நாங்கள் பயிற்சி செய்கிறோம். எங்கள் பிள்ளைகள் இப்போதும் கோட்டிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்கள். வந்து பழக்கிவிடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
ஆட்ட நெறியாளரும் குழுவினரும்
திருகோணமலை