ஏற்றும் வேகத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் அடிக்கடி பிராட்பேண்டு விளம்பரம் வருகிறது. 100 எம்பிபிஎஸ், 200 எம்பிபிஎஸ் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அது டவுன்லோடு வேகம் மட்டுமா, அப்லோடும் அதேதானா என்று பொடி எழுத்தில்கூடக் காணோம். அதைக் கேட்காமல் இணைப்பு வாங்கிவிட்டு நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு செட்டிநாட்டில், பள்ளத்தூரில். ஐயா பர்மாவில் இருந்தபோது எழுதிய கடிதங்கள், பேரேடுகள், மூன்று தலைமுறைக் கல்யாணங்களின் இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தச் சீட்டு) எல்லாம் இரண்டு தகரப் பெட்டிகளில் கிடந்தன. ஒரு பெட்டியின் மூலையில் கரையான் வேலையை ஆரம்பித்திருந்தது. சரி, ஸ்கேன் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஏ4 அளவுத் தாள் ஒன்றை 600 டிபிஐ நுணுக்கத்தில் வண்ணமாக, சுருக்காமல் எடுத்தால் கிட்டத்தட்ட 100 எம்பி வருகிறது. 3,000 பக்கத்துக்கு 300 ஜிபி. கூகுள் சும்மா தருவது 15 ஜிபி. மாதாமாதம் பணம் கட்டி வைக்கலாம்தான், ஆனால் பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவானதை என் ஒருவன் பெயரில் உள்ள கணக்கில் வைக்க மனசு வரவில்லை, நாளைக்கு நான் கட்ட மறந்தால் என்ன ஆகும்? அதனால் ராஸ்பெர்ரி பை என்கிற கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்று, இரண்டு 4 டிபி ஹார்டுடிஸ்க் வாங்கி, கோப்புகளை வைத்துப் பகிர்வதற்கான நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளைப் போட்டு வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்றில் எல்லாம் இருக்கும். இரண்டையும் சேர்த்து இடி அடித்தால்? அதற்காக இன்னொரு நகல் மதுரையில் தங்கை வீட்டு பீரோவில்.

முதல் தகராறு சுவரோடு. ஃபைபர் வந்து இறங்குவது முகப்பில், கம்ப்யூட்டரை வைத்தது பின்னால் இரண்டாங்கட்டில். செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய எங்கள் ஊர்ச் சுவரின் கனம் உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னல் வளவை, அதாவது நடு முற்றத்தை, தாண்டுவதற்குள் செத்துவிடும், 2.4 தட்டுத்தடுமாறி வந்து சேரும். கேபிள் இழுக்க வந்த தம்பி டிரில்லை எடுத்ததும் ஆத்தா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். "முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச சுவருப்பா, இதுல காலண்டருக்குக்கூட ஆணி அடிச்சதில்லை." அப்புறம் உத்தரத்தை ஒட்டியே கேட்-6 கேபிளை ஓட்டி, சாளரக் கம்பி இடுக்கு வழியாக உள்ளே விட்டோம். 150 அடி ஆனது. 100 மீட்டர் வரைக்கும் அந்தக் கேபிள் ஒரு ஜிபிபிஎஸ் தாங்கும், அதனால் வீட்டுக்குள் இப்போது குறையே இல்லை.

குறை வாசலுக்கு வெளியே. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் ஒரு பேரேட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் காத்திருக்கிறார். என்னுடையது 100 எம்பிபிஎஸ் திட்டம். கம்பெனிக்கு போன் போட்டால், "ஸ்பீடு டெஸ்ட்ல 100 வருதே சார்" என்கிறார்கள். வருகிறதுதான், ஆனால் அண்ணன் அங்கே இறக்குவது எங்கள் வீட்டிலிருந்து ஏற்றுவது அல்லவா? ஏற்றுகிற வேகம் 5 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 5 மெகாபிட். எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி. ஒரே பக்கத்துக்கு இரண்டே முக்கால் நிமிடம். 300 ஜிபியையும் அவர் எடுக்க வேண்டுமானால் ராப்பகலாக ஐந்தரை நாள் ஓட வேண்டும், அப்லோடும் 100 ஆக இருந்தால் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2023 ஜனவரியில் பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை மத்திய அரசு 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியபோதும் டவுன்லோடுக்கு மட்டும்தான் கணக்குச் சொன்னார்கள்.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. வெளியிலிருந்து எங்கள் கம்ப்யூட்டரைத் தொடவே முதலில் முடியவில்லை. இணையத்தில் ஒவ்வொரு இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்ணுக்கு ஐபி முகவரி என்று பெயர். அதில் பழைய வகை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான், போதாது என்று பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறார்கள். இதற்கு சிஜிநாட் என்று பெயர். ஆறு புள்ளி (குடும்பம்) குடியிருக்கும் வீட்டுக்குக் கதவு எண் மட்டும் எழுதிய கடிதம் வந்தால் தபால்காரர் யாரைக் கூப்பிடுவார்? அந்தக் கதைதான். தனி முகவரிக்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். வேண்டாமென்று, தனி முகவரி இல்லாமலே இரண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்கிற மென்பொருளைப் போட்டுச் சமாளித்துவிட்டேன், எங்கள் தேவைக்கு அதன் இலவசத் திட்டமே போதும். ஆனால் அப்படி ஒன்று இருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அப்லோடு எவ்வளவு, தனி முகவரி உண்டா இல்லையா, இந்த இரண்டையும் அதே கொட்டை எழுத்தில் போடச் சொல்லுங்கள். விளம்பரத்தில் உங்களால் சொல்ல முடியாது என்றால், இணைய வேகம் பற்றி உங்கள் நிருபர்கள் எழுதும் செய்திகளிலாவது கம்பெனிக்காரர்களிடம் கேட்டுப் போடுங்கள். இந்த வருஷக் கட்டணம் எனக்கு மாசியோடு முடிகிறது, அதற்கு முன்னால் வந்தால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
பள்ளத்தூர் வாசகர்