மாதிரி வீட்டுச் சுவரில் எங்கள் மழை விழட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாதிரிப் புகையிரதப் பாதையின் ஓரத்தில் வைப்பதற்கான பிளாஸ்டிக் வீடுகளைக் கட்டி, அவற்றுக்கு வெயிலும் மழையும் பட்ட பழைய தோற்றத்தைக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். கொழும்பில் இதே ஈடுபாடுள்ள சிலரின் மேசைகளில் நான் பார்த்த வீடுகள் மிக நேர்த்தியாக ஒட்டப்பட்டிருந்தாலும், அவற்றின் சுவர்களும் கூரைகளும் எங்கோ குளிர்நாட்டில் நின்று பழசானவை போலவே தோன்றுகின்றன. வீட்டின் பாகங்கள் அடங்கிய பெட்டியோடு வரும் கைநூலின் படங்களைப் பார்த்து நிறம் பூசுவதே இதற்குக் காரணம் என்பது என் எண்ணம். நம் பாதையோர வீட்டுக்கு நம் மழையின் கறைதான் வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள வெளியே போய்ச் சுவர்களைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

என் கைக்கு வந்த பெட்டிகளில் பல, ஜேர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் 1946 இல் தொடங்கிய ஃபாலர் நிறுவனத்தினுடையவை. எச்.ஓ. எனப்படும் 1:87 அளவில், அந்த நாட்டு வீடுகளைப் போலப் பனி வழுக்கி விழும்படியான செங்குத்துக் கூரையும் புகைபோக்கியும் அவற்றுக்கு உண்டு, விறாந்தை இல்லை. நமது அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள 5 அடி 6 அங்குலத்தை 87 ஆல் வகுத்தால் 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேலே வரும், ஆனால் இந்த அளவுக்கென விற்கப்படும் பாதையில் அந்த இடைவெளி 16.5 மில்லிமீற்றர்தான். தண்டவாளத்தை மாற்றுவது பெரும்பாடு என்பதால் அதை விட்டுவிடுகிறேன். வீட்டை மாற்றுவது அப்படியல்ல. பக்கச் சுவரின் முக்கோணத்தை வெட்டிக் கூரையின் சரிவைக் குறைத்து, புகைபோக்கியின் துளையை அடைத்து, முன்னால் ஒரு விறாந்தையை இறக்கினால் அது நம்மூர்ப் புகையிரத நிலைய அதிபரின் வீடாகிவிடும். விறாந்தைக்கான நெளிதகரத்தைச் சமையலறை அலுமினியத் தாளில் அழுத்தி எடுக்கலாம். உண்மைத் தகரத்தில் ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் 3 அங்குல இடைவெளி என்றால், மாதிரியில் அது ஒரு மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு.

ஒட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொலிஸ்டைரீனுக்கான பசை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிவிடுவதால், சிறு தூரிகையால் தொட்டுவைத்தாலே போதும். ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் வெள்ளைப் பசையைப் பயன்படுத்த வேண்டும். உடனடியாக ஒட்டும் பசையின் ஆவி கண்ணாடியை மங்கச் செய்துவிடும். உள்ளே மின்குமிழ் வைப்பதாக இருந்தால், ஒட்டுவதற்கு முன்பே சுவர்களின் உட்புறத்துக்குக் கறுப்பு அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சம் சுவரையே ஊடுருவி, வீடு முழுவதும் விளக்குக் கூடு போல ஒளிரும்.

நிறம் பூசத் தொடங்கும் முன், வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை கரையோரப் பாதையை ஒட்டியுள்ள பழைய சுவர்களை ஒரு மாலைப்பொழுதில் நிதானமாகப் பார்த்துக்கொண்டு நடக்கும்படி எவரையும் கேட்டுக்கொள்வேன். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கடலைப் பார்த்த சுவரில்தான் நேராக அடிக்கிறது. அங்கே பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்றிருக்கும், உப்புக்காற்றில் கரைந்த ஜன்னல் கம்பியின் துரு கீழ்நோக்கி வழிந்திருக்கும். வீட்டின் மறுபக்கம் மாமர நிழலில் ஈரம் காயாமல் கிடப்பதால், அங்கே பாசி முதலில் பச்சையாகப் படர்ந்து பின்னர் கறுத்துப்போகிறது. கூரை விளிம்புக்கு நேர்கீழே ஒரு பட்டை மட்டும் மழை படாமல் பழைய நிறத்தோடு இருக்கும். சுவரின் அடியிலோ, பீலி இல்லாத கூரையிலிருந்து விழும் நீர் மண்ணைத் தெறிக்கச் செய்து, ஓர் அடி உயரத்துக்குச் செம்மண் பட்டை ஒன்றைத் தீட்டியிருக்கும். ஒரே வீட்டின் நான்கு சுவர்களும் ஒரே விதமாகப் பழசாவதில்லை. கைநூலைப் பார்த்துப் பூசுபவர்கள் நான்கு பக்கமும் ஒரே அழுக்கைத் தடவிவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

அளவிலும் கவனம் வேண்டும். மாதிரியில் ஒரு மில்லிமீற்றர் துருப்புள்ளி என்பது உண்மையில் 87 மில்லிமீற்றர், அதாவது ஓர் உள்ளங்கை அகலம். இரண்டடி தூரத்திலிருந்து மாதிரியைப் பார்ப்பவர், உண்மை வீட்டை ஏறக்குறைய 50 மீற்றருக்கு அப்பால் நின்று பார்ப்பவருக்குச் சமம்; அந்தத் தூரத்தில் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் தெரிவதில்லை. ஆகையால் சுண்ணாம்புச் சுவருக்கு மங்கிய சந்தன நிறத்தையும், பாசிக்குப் பச்சை கலந்த கரும்பழுப்பையும் எடுத்துக்கொள்கிறேன். அடிநிறத்தை அக்ரிலிக்கில் பூசி நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் மிகவும் நீர்த்த எனாமலை ஓடவிட்டால், அது அடிநிறத்தைக் கரைக்காமல் ஓட்டு வரிசைகளின் இடுக்குகளில் மட்டும் தங்கும். செம்மண் பட்டைக்கு, வர்ண வெண்கட்டியைத் தேய்த்தெடுத்த தூளை மென்தூரிகையால் கீழிருந்து மேலாகத் தடவுவதே போதுமானது.

தூள் உதிராதிருக்க இறுதியில் தெளிக்கும் மங்கல் வார்னிஷ் பற்றி ஓர் எச்சரிக்கை. மூன்று வாரம் உழைத்துக் கட்டிய கடவைக் காவலர் குடில் ஒன்றுக்கு மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அதைத் தெளித்தேன். காற்றிலிருந்த ஈரம் வார்னிஷில் படிந்து, குடில் முழுவதும் வெண்புகை மூடியது போலாகிவிட்டது. கொழும்பின் ஈரக்காற்றில் இந்த வேலையை வெயில் ஏறிய காய்ந்த நண்பகலில்தான் செய்ய வேண்டும் என்பதைக் கைநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை.

இனி என் கோரிக்கை. 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணத்துக்கான சேவை 2014 ஒக்டோபரில் மீண்டும் தொடங்கியபோது, அப்பாதையின் நிலையங்கள் பல புதிதாகக் கட்டப்பட்டிருந்தன. ஆகவே, யாழ்தேவி புகையிரதம் ஓடத் தொடங்கிய 1956 ஆம் ஆண்டுக் காலத்து நிலையம் ஒன்றையும் அதன் வீட்டையும் கட்ட விரும்புபவருக்குப் பழைய படங்களே கதி. ஆனால் அந்தக் காலத்தில் படம் எடுத்தவர்கள் புகையிரத இயந்திரத்தையே குறிவைத்தார்கள். பின்னால் நிற்கும் வீட்டின் ஒரு மூலையே நமக்குக் கிடைக்கிறது. தங்கள் வாசகர்களில் நிலைய அதிபர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் தம் வீட்டு முற்றத்தில், விறாந்தையில், கிணற்றடியில் எடுத்த குடும்பப் படங்களில் அந்த வீடுகளின் மற்ற மூன்று பக்கங்களும் பதிந்திருக்கக்கூடும். அத்தகைய படங்களை வாரம் ஒன்றாகத் தங்கள் பத்திரிகையில் வெளியிட்டு, எந்த நிலையம், எந்த ஆண்டு, சுவர் எந்தத் திசையைப் பார்த்தது என்பதையும் கூடவே அச்சிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நிறம் நினைவிருப்பவர்கள் அதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும், ஏனெனில் கறுப்பு வெள்ளைப் படத்தில் அது ஒன்றுதான் இல்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.