குகை வீட்டுக் கதைகளைச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் சேலம் குகைப் பகுதித் தெருக்காரர்களுக்கும்,

ஆடித் திருவிழா வண்டி வேடிக்கைக்கு ஊருக்கு வந்தவர்களிடம் நம் குடும்பக் கதைப் புத்தகத்தை ஆளுக்கொன்று கொடுத்தேன். அட்டையில் இருப்பது என் பெயர், உள்ளே இருப்பது உங்கள் பேச்சு. கூட்டத்தில் நன்றி சொல்ல முடியவில்லை, அதனால் இந்த மடல்.

முதலில் பெரிய அத்தைக்கு. தாள் நிறையக் கேள்வி எழுதிக்கொண்டு போய், “எந்த வருஷம் பிறந்தீங்க அத்தை?” என்று ஆரம்பித்தேன். “அதெல்லாம் யாருடா எழுதி வெச்சா?” என்றார். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது.

எதிர்வீட்டுத் தாத்தாதான் வழி சொன்னார். “வருஷத்தைக் கேட்காதே தம்பி, ஊரில் நடந்ததைக் கேள்.” கேட்டேன். “கள்ளுக்கடையை மூடினப்ப எனக்கு முன்பல்லு விழுந்திருந்துச்சு. எங்கப்பன் பொழுதோட வீடு வந்து சேர்ந்ததே அதுக்கப்புறம்தான்” என்றார் அத்தை. ராஜாஜி முதல்வராக இருந்தபோது சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்தது நம் சேலம் ஜில்லாவில்தான், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி. அப்போது ஆறேழு வயது என்றால் அத்தை பிறந்தது 1930 அல்லது 1931. அடையாள அட்டையிலோ 1938! அட்டையை நம்பினால், அத்தை பிறக்கும் முன்பே அவருக்குப் பல் விழுந்திருக்கிறது.

பரண் ஏறி, தறியில் ஓடும் அந்தப் பழைய நாடாவைத் தேடி எடுத்த மாமாவுக்கு நன்றி. தறியைப் பற்றி நான் எத்தனை கேட்டும் “நெய்தோம், வித்தோம்” என்று இரண்டே வார்த்தையில் முடித்த அத்தை, நாடா கைக்கு வந்ததும் ஒரு மணி நேரம் பேசினார். விடியும் முன்பே தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டது, மழை தூறினால் தெருவே ஓடிவந்து தூக்கியது, தார்க்குச்சியில் நூல் சுற்றி முடிக்காத பிள்ளைக்குச் சோறு கிடையாது என்றது, எல்லாம். பேசும்போது அவர் கை தறியில் இருப்பது போலவே ஆடிக்கொண்டிருந்தது. அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

சித்தப்பாவுக்கும் சின்ன அத்தைக்கும் சேர்த்து ஒரு நன்றி, ஒரு மன்னிப்பு. நம் தாத்தா சேலை மூட்டையைத் தலையில் வைத்து ஏற்காட்டு காபித் தோட்டங்களுக்கு நடந்தே ஏறினார் என்பதில் இருவருக்கும் சண்டையில்லை. ஏன் நிறுத்தினார் என்பதில்தான். முழங்கால் போய்விட்டது என்கிறார் சித்தப்பா. கடன் வசூலாகவில்லை என்கிறார் சின்ன அத்தை. இரண்டையும் போட்டிருக்கிறேன். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்?

அண்ணன் மகனுக்குத் தனி நன்றி. முதல் பதிவில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதன்பிறகு விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் அவன்தான்.

“இதை அணைச்சிட்டுக் கேளு” என்று சொல்லிவிட்டு என்னிடம் சிலவற்றைச் சொன்னவர்களே, அவை புத்தகத்தில் இல்லை. வராது.

கடைசியாக ஒரு உதவி. பெரிய அத்தையின் கல்யாணப் போட்டோவில் நாற்காலிக்குப் பின்னால் உயரமாக ஒரு பெண் நிற்கிறார். “மேட்டூர்க்காரி” என்கிறார் அத்தை, பெயர் நினைவில்லை. படத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.