செயலாளரின் ஆண்டறிக்கை: திருகோணமலை வீடியோ எடிட்டர்கள் சங்கம்

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழமையான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. சரஸ்வதி பூசையும் குறைவில்லாமல் முடிந்தது.

இந்த வருடம் என் நேரம் பெரும்பாலும் கோப்புப் பிரச்சினையில்தான் போனது. வீடியோ வெட்ட எங்களில் சிலர் பாவிக்கும் மென்பொருள் விண்டோஸில் பிரீமியர், சிலர் மேக்கில் பைனல் கட், இன்னும் சிலர் இலவச ரிசால்வ். உப்புவெளியில் ஒருவர் எடுத்த கலியாணத்தை நிலாவெளியில் ஒருவர் வெட்டி, கலர் வேலைக்கு டவுனுக்கு அனுப்பினால் படம் கறுப்பு, சத்தம் மட்டும் கேட்கும். உடனே "உங்கட கமரா பிழை", "உங்கட கொம்பியூட்டர் பழசு" என்று சண்டை. அநேகமாக இரண்டுமே காரணமில்லை. எம்பி4 என்பது சாக்கு மாதிரி, உள்ளே நெல்லா அரிசியா என்று அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். படத்தைச் சுருக்கி வைக்கும் முறை எச்.264ஆக இருக்கலாம், எச்.265ஆக இருக்கலாம். 2017க்குப் பிறகு வந்த ஐபோன்கள், செட்டிங்ஸை மாற்றாவிட்டால், எச்.265இல்தான் பதிகின்றன. லினக்ஸில் இலவச ரிசால்வ் எச்.264ஐக்கூடத் திறக்காது.

பத்திரகாளி அம்மன் கோயில் தேர் வீடியோவில் வந்த சிக்கல் வேறு. கமரா காட்சியோடு போன் காட்சியையும் சேர்த்தோம். கிளிப் தொடங்கும்போது தவில்காரரின் கையும் சத்தமும் ஒன்றாகத்தான் இருந்தன, முடிவுக்கு வரும்போது கை தோலில் பட்டு எழும்பிய பிறகுதான் அடி கேட்டது. கோப்பின் விபரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் போட்டுப் பார்த்தால் பிரேம் வேகம், அதாவது செக்கனுக்கு எத்தனை படம் என்பது, 'வேரியபிள்' (மாறும்) என்று காட்டியது. போன் தன் வசதிக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், எடிட்டிங் மென்பொருள் அது ஒரே வேகம் என்று நினைத்து அடுக்கும். ஹேண்ட்பிரேக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட்' (மாறாதது) கொடுத்து மாற்றியதும் சத்தம் சரியாக வந்து உட்கார்ந்தது.

இதற்கெல்லாம் சேர்த்துத்தான் பொது முறை ஒன்றைக் கொண்டுவந்தேன். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் வேலை எதுவானாலும் படம் எடிட்டிங்கிற்கான ப்ரோரெஸ் 422 முறையில், மூவ் (.mov) கோப்பு, செக்கனுக்கு 25 பிரேம், சத்தம் சுருக்காத 48 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம். ப்ரோரெஸ் ஆப்பிள் 2007இல் கொண்டுவந்தது என்றாலும் விண்டோஸ் பிரீமியரும் அதை எழுதும், ரிசால்வும் வாசிக்கும். "கோப்பு பெரிசாகுதே" என்று பலர் கேட்டீர்கள். உண்மைதான், 1080 எச்டி அளவில் ஒரு மணித்தியாலம் ஏறத்தாழ 55 ஜிபி வரும். ஆனால் எச்.264இல் முழுப் பிரேம் இடைக்கிடைதான் இருக்கும், மற்றவற்றில் மாற்றம் மட்டும்தான், அதனால் வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் மெஷின் முன்பின் பிரேம்களைக் கணக்குப் பார்த்துத் திணறும். ப்ரோரெஸில் ஒவ்வொரு பிரேமும் முழுசு. மாற்றுவதால் படத்தின் தரம் கூடாது, வேலை ஓடும், அவ்வளவுதான். ஹாட்டிஸ்க்கை, விண்டோஸ் மேக் இரண்டும் வாசித்து எழுதக்கூடிய எக்ஸ்ஃபாட்டில் ஃபார்மட் செய்யுங்கள். மற்ற ஃபார்மட்டுகளில், ஃபாட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, என்டிஎஃப்எஸ்ஸை மேக் வாசிக்கும், ஆனால் அதில் எழுதாது.

இதைக் கற்றுக்கொடுக்க வைத்த வகுப்புகளுக்குக் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். டவுனுக்குள் இருப்பவர்கள் பலர் வரவில்லை. வராதவர்கள்தான் கலியாண சீசனில் இரவு பதினொரு மணிக்கு "அண்ணை, படம் வருகுதில்லை" என்று போன் எடுக்கிறார்கள். எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எடுத்தால் பதில் சொல்வேன். ஆனால் வகுப்புக்கு வந்திருந்தால் அந்த இரவில் உங்கள் வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டி வந்திராது.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமன், கையிருப்பு கொஞ்சம்தான். உறுப்பினர்களில் கணிசமானோர் சந்தா கட்டவில்லை, சிலருக்கு இது முதல் வருடமும் இல்லை. பெயர் வாசிக்கப் போவதில்லை. எல்லோரும் மாறி மாறிப் பாவிக்கப் பெரிய ஹாட்டிஸ்க்குகள் வாங்கத் தீர்மானம் போட்டோம், அந்தக் காசு சேராததால் தீர்மானம் கொப்பியிலேயே இருக்கிறது.

மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர்ச் செலவை ஏற்ற உறுப்பினர்களுக்கும், பக்கத்தில் நின்ற நிர்வாகக் குழுவுக்கும் நன்றி.

அடுத்த வருடம் நானே செயலாளராக இருக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறீர்கள். சரி, இருக்கலாம். ஆனால் இந்த முறையைப் பாதியில் விட எனக்கு மனமில்லை, ஹாட்டிஸ்க் இல்லாமல் அதைக் கொண்டுபோகவும் முடியாது. பொருளாளர் இன்று ரசீதுப் புத்தகத்தோடுதான் வந்திருக்கிறார், கூட்டம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் இருப்பார்.