பச்சை நாடா கட்டிய சட்டிகளுக்கும் அவற்றைச் சுமந்தவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

தன்சானியாவின் கிளிமஞ்சாரோ மலையிலிருந்து இறங்கி ஆறு கிழமை ஆகிவிட்டது. ம்வேகா வாசலில் பாட்டும் ஆட்டமுமாக விடைபெற்றபோது எல்லோருக்கும் பொதுவாக ஓர் "அசந்தே சானா" சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினோம். சுவாஹிலியில் மிக்க நன்றி என்று அர்த்தம். களைப்பில் அதற்குமேல் வார்த்தை வரவில்லை. யாருக்கு, எதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்பதை இப்போதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். மலையடிவார ஊரான மோஷியில் இருப்பவர்களுக்கு எங்கள் வழிகாட்டி அண்ணன் வாசித்துக் காட்டட்டும் என்று ஆங்கிலத்திலும் ஒன்று அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவது ஸ்காபரோவில் இருக்கும் மாமிக்காகவும், பலவகைச் சாப்பாட்டுக்காரரைச் சேர்த்துக்கொண்டு மலையேற நினைக்கும் நம்மவர்களுக்காகவும்.

நாங்கள் எட்டுப் பேர். எல்லோரும் ரொறன்ரோவில் ஒன்றாக வேலை செய்பவர்கள். ஐந்து பேர் தமிழர். ஒருத்தி யூதப் பெண், கோஷர் இல்லாத, அதாவது யூத சமய உணவு விதிக்கு ஒவ்வாத எதையும் வாயில் வைக்காதவள். பதினொரு வருடமாக என்னோடு இரவு வேலை பார்ப்பவள். பெயரைப் போடாதே என்று கேட்டுக்கொண்டாள், ஆகவே இந்த மடலில் அவள் வெறும் 'தோழி'. ஒன்பது நாள் கூடாரத்தில் படுத்து, ஒரே குசினிக் கூடாரத்தில் சமைத்ததைச் சாப்பிட்டு, 5,895 மீட்டர் ஏற வேண்டும். அதில் ஒருத்திக்கு மட்டும் தனிச் சட்டி, தனி அகப்பை, தனிக் கத்தி.

முதலில் விசாரித்த பயண நிறுவனம் "சைவச் சாப்பாடு தருகிறோம், இரண்டும் ஒன்றுதானே" என்று ஒரு வரியில் பதில் போட்டது. ஒன்றில்லை. மரக்கறிக் குழம்பே ஆனாலும், முதல் நாள் கோஷர் இல்லாத இறைச்சி வெந்த சட்டியில் சூடாகச் சமைத்தால் அவளுக்கு ஆகாது. வெங்காயம் போலக் காரமான பொருளை அந்தக் கத்தியால் வெட்டினாலும் ஆகாது. யாழ்ப்பாணத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. வெள்ளிக்கிழமையில் மீன்சட்டியை என் அம்மம்மா அடுப்படிப் பக்கமே வர விடமாட்டார். இதைச் சொன்னபோது தோழி, "உன் அம்மம்மாவை எங்கள் வீட்டுக்கு அனுப்பி வை" என்றாள்.

முதல் நன்றி மாமிக்கு. மாமி, பயணத்துக்கென்று நீங்கள் இரண்டு வாளி பருத்தித்துறை வடை சுட்டுக் கொடுத்தீர்கள். தோழி சிரித்துக்கொண்டே ஒன்றும் எடுக்காமல் இருந்ததும் உங்கள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. உங்கள் குசினிச் சட்டியில் பொரித்ததை அவள் சாப்பிட முடியாது என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், பிழை என்னுடையது. வேறு யாரும் என்றால் கோபித்துக்கொண்டு விட்டிருப்பார்கள். நீங்கள் அடுத்த ஞாயிறு ஒரு பையில் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கே போனீர்கள். மாவும் எண்ணெயும் கோஷர் என்று சான்று சொல்லும் சி.ஓ.ஆர். முத்திரை உள்ளவை, பாதர்ஸ்ட் வீதிக் கடையில் அவளே வாங்கி வைத்திருந்தாள். மிளகாய் அவளுடைய மிக்சியில் அரைபட்டது. அடுப்பை அவள்தான் பற்றவைத்தாள். கறிவேப்பிலையில் மட்டும் பெரிய இழுபறி. பூச்சி சாப்பிடுவது அவர்களுக்கு முற்றாக விலக்கு என்பதால் ஒவ்வோர் இலையையும் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நீங்களும் அவளும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் இலை பார்த்த படம் என் தொலைபேசியில் இன்னும் இருக்கிறது. அந்த வடைதான் 4,600 மீட்டருக்கு மேலே, மற்ற எதுவும் இறங்காதபோது, அவளுக்கு இறங்கியது.

போகும்போது நீங்கள் சொன்ன இன்னொன்று: "சட்டி ஒன்று மேலதிகமாகக் கொண்டு போங்கோ." அதைப் பற்றிப் பிறகு.

தோழியின் ரபிக்கும், அதாவது அவளுடைய சமய குருவுக்கும் நன்றி. எனக்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. ஆனாலும் நான் அனுப்பிய பதினேழு கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார். பாதி வேலையை ஒரே யோசனையில் குறைத்தவர் அவர். கோஷரில் இறைச்சியும் பாலும் சேரக்கூடாது, இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம் வேண்டும். மலையில் அது இரட்டைச் சுமை. "இரண்டையும் விட்டுவிடுங்கள், முழுச் சமையலும் பார்வேயாக இருக்கட்டும்" என்றார். பார்வே என்றால் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை: அரிசி, பருப்பு, மரக்கறி, முட்டை, மீன். ஒரு தொகுதிப் பாத்திரம் போதும். புதுச் சட்டிகளை வாங்கி, ரொறன்ரோவிலேயே பாத்திரம் முக்கியெடுப்பதற்கென்று உள்ள நீர்த்தொட்டியில் முக்கி, ஒவ்வொரு பிடியிலும் பச்சை நாடா சுற்றினோம். பார்வேக்கு அவர்கள் பச்சைதான் வைப்பார்களாம்.

அவர் விளக்கிய இன்னொரு விதிதான் இந்தப் பயணத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தது. பொருள் எல்லாம் கோஷராக இருந்தாலும், யூதர் அல்லாதவர் மட்டுமே சமைத்தால் போதாது. யூதர் ஒருவர் அதில் கை வைக்க வேண்டும். தோழியின் வழக்கப்படி அவள் நெருப்பைப் பற்றவைத்தாலே போதும், மிச்சத்தை யாரும் செய்யலாம். யூதரில் இன்னொரு பிரிவான செபார்டி வழக்கத்தாருக்குச் சட்டியையும் அவர்களே அடுப்பில் ஏற்ற வேண்டுமாம், நல்லகாலம்.

இனி எங்கள் சமையல்காரருக்கு. ஐயா, மோஷியில் முதல் நாள் இந்த விதிகளை நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து வாசித்தேன். நீங்கள் பாதியில் நிறுத்தி, "டாடா, எது தொடலாம், எது தொடக்கூடாது, அதை மட்டும் காட்டு" என்றீர்கள். (டாடா என்றால் அங்கே அக்கா தங்கை. முதலில் யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.) காட்டினோம். "சாவா" என்றீர்கள். சரி என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சனிக்கிழமை தவிர ஒவ்வொரு நாளும் விடியற்காலை ஐந்தரைக்கு அவள் கூடாரத்துக்கு வெளியே நின்று மெதுவாக இருமுவீர்கள். அவள் தொப்பியும் கையுறையுமாக எழுந்து வருவாள். கையுறையைக் கழற்றி ஒரு குச்சி உரசி அடுப்பை மூட்டிவிட்டு, மறுபடி போய்ப் படுத்துவிடுவாள். லைட்டர் அந்த உயரத்தில் ஒழுங்காகப் பற்றாது என்று உங்களுடைய நெருப்புப்பெட்டியையே முதல் நாள் அவளிடம் கொடுத்துவிட்டீர்கள். வெந்நீருக்கு அவள் தேவையில்லை, பச்சையாகவே குடிக்கக்கூடியது என்பதால் விதி அதற்குப் பொருந்தாது என்று சொல்லியும், நீங்கள் கேட்கவில்லை. "எல்லாவற்றுக்கும் அவளே மூட்டட்டும், குழப்பம் இல்லை" என்றீர்கள்.

உங்கள் கைப்பக்குவத்தையும் சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில் வாழும் சாக்கா மக்களின் வாழைக்காய்க் கறியை இறைச்சி போடாமல் வைத்துத் தந்தீர்கள், எங்கள் கோழிக்கறியை விட்டுவிட்டு நாங்கள் அதற்குக் கை நீட்டினோம். பருப்புக்கு மைசூர்ப் பருப்பைத் தேர்ந்தெடுத்ததும் நீங்கள்தான். உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபுவில் தண்ணீர் 85 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். கடலையோ பீன்ஸோ அங்கே இரவு முழுக்கக் கிடந்தாலும் கல்லாகத்தான் இருக்கும். முட்டையை ஒவ்வொன்றாகக் கப்பில் உடைத்து, இரத்தப் புள்ளி இருக்கிறதா என்று அவளிடம் காட்டிவிட்டுத்தான் சட்டியில் ஊற்றினீர்கள். கடைசி நாள்களில் அவள் பார்க்க முன்னமே நீங்களே இரண்டை ஒதுக்கிவிட்டீர்கள்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை.

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி சூரியன் மறையும்போது தொடங்கும். அதற்குப் பிறகு நெருப்பு மூட்டக்கூடாது, சமைக்கக்கூடாது, எழுதக்கூடாது, வெளியிடத்தில் சாமான் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடாது, தங்கிய இடத்திலிருந்து 2,000 முழத்துக்கு மேல் போகக்கூடாது. மலையேற்றத்தில் ஒரு நாளும் சும்மா இருக்க முடியாதே என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, வழிகாட்டி அண்ணன் நாள்காட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு, புதன்கிழமை புறப்படுவோம் என்றார். லொண்டொரொசி வாசல், பிறகு ம்டி ம்குப்வா முகாம், வியாழன் ஷிரா ஒன்று, வெள்ளி ஷிரா இரண்டு. அந்த நாள் நடை குறைவு, மதியத்துக்கே போய்விடலாம். சனி அங்கேயே இருப்போம். ஏறக்குறைய 3,900 மீட்டரில் ஒரு நாள் தங்கினால் உடம்பும் உயரத்துக்குப் பழகும். அவளுக்காகச் செய்த ஏற்பாடு எங்கள் எல்லோருடைய தலையிடியையும் குறைத்தது என்பதுதான் உண்மை. மேலதிக நாளின் செலவைப் பங்கு போட்டுக்கொண்ட மற்ற ஆறு பேருக்கும் நன்றி. முணுமுணுத்த ஒருவருக்கும்தான். அவர் யார் என்று அவருக்குத் தெரியும், சனி மதியம் நன்றாகக் குறட்டை விட்டவரும் அவரே.

வெள்ளி மூன்றரை மணிக்கு ஓய்வுநாள் சாப்பாடு அடுப்பில் இருந்தது. குசினியில் உதவிக்கு இருந்த தம்பி, நல்ல மனத்தோடுதான், எங்கள் கோழி சூப்பில் கிடந்த அகப்பையை எடுத்து அந்தப் பருப்பை ஒரு கிண்டு கிண்டிவிட்டார். கூடாரமே அமைதியாகிவிட்டது. அந்தச் சட்டி போயிற்று, பருப்பும் போயிற்று. சூரியன் மறைய மூன்று மணி நேரம். தம்பியின் கண் கலங்கியது. சமையல்காரர் ஐயா ஒரு சொல் பேசவில்லை. மாமியின் மேலதிகச் சட்டியை எடுத்துக் கொடுத்தேன். புதுப் பருப்பைக் கழுவிப் போட்டுவிட்டு, நெருப்புக்குத் தோழியைப் பார்த்தார். பழைய சட்டியின் பச்சை நாடாவைத் தோழி தானே அவிழ்த்து, "இனி இது உங்கள் பக்கம்" என்று எங்களிடம் தந்தாள். அவிழ்த்த நாடாவை அந்தத் தம்பியின் கையில் கட்டிவிட்டாள். தம்பி, அதை நீங்கள் ம்வேகா வரைக்கும் கழற்றவில்லை. பிழை பட்ட பருப்பை நாங்கள் ஏழு பேரும் சாப்பிட்டோம். கோழி வாசத்தோடு நன்றாகத்தான் இருந்தது.

ஓய்வுநாளுக்கு முழுசாக இரண்டு பாண் வைத்துப் பிரார்த்தனை சொல்ல வேண்டும். கொண்டுவந்த மட்சா, புளிக்காத மாவில் செய்த அப்பளம் போன்ற ரொட்டி, பையில் கிடந்து தூள்தூளாகப் போயிருந்தது. ஐயா இரண்டு சப்பாத்தி உருட்டிச் சுட்டார். சப்பாத்திக்கு சுவாஹிலியிலும் சப்பாத்திதான். அதை வைத்து, பாதர்ஸ்ட் வீதியிலிருந்து வந்த திராட்சைச் சாற்றை ஊற்றி, கண்ணாடி விளக்குக்குள் இரண்டு மெழுகுதிரி ஏற்றி அவள் ஓய்வுநாளைத் தொடங்கினாள். முகாம் பதிவேட்டில் கையெழுத்தை மதியமே போட்டு முடித்திருந்தோம். சோறும் பருப்பும் பிளாஸ்க்கில் மறுநாள் வரை இளஞ்சூட்டோடு இருந்தன.

சனிக்கிழமை அவளுக்கு ஒன்று தேவை என்றால் கேட்கவும் முடியாது. வேறொருவரை ஏவி அந்த வேலையைச் செய்விப்பதும் ஆகாது. பச்சை நாடாச் சட்டிகள் இருந்த பையைச் சுமந்த அண்ணன், இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. கைக்குட்டைகூட எடுக்காமல் அவள் வெறுங்கையோடு வெளியே வருவதைப் பார்த்துவிட்டு, வெயில் விழும் இடமெல்லாம் கதிரையை நகர்த்தி நகர்த்திப் போட்டீர்கள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று வாசலிலேயே தராசு வைத்து நிறுக்கிறார்கள். எங்கள் சட்டியும் ரின் மீனும் சேர்ந்து இன்னொரு சுமைகாரர் வேண்டும் என்றபோது வந்தவர் நீங்கள். அந்தப் பையை ஒரு நாளும் மற்றக் குசினிச் சாமான்களோடு சேர்த்து வைக்கவில்லை. தனியே ஒரு கல்லின் மேல்தான் வைத்தீர்கள்.

மாலை மூன்று நட்சத்திரம் தெரிந்தால் ஓய்வுநாள் முடியும். மேற்கே இருக்கும் மேரு மலைப் பக்கம் வெளிச்சம் போனதும் சுமைகாரர்கள் எல்லோரும் வெளியே வந்து எண்ணினார்கள். முதல் நட்சத்திரத்தை மூன்று பேர் மூன்று திசையில் காட்டினார்கள். விடைகொடுக்கும் சடங்கில் வாசனைப் பொருள் ஒன்றை முகர வேண்டும். மோஷிச் சந்தையில் வாங்கிய சான்சிபார்க் கராம்பு கைக்குக் கை சுற்றிவந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது எல்லோரும் எழுதுகிற கதை. லாவா டவர், பராங்கோ சுவர், கரங்கா, பராஃபு. உச்சிக்கு ஏறிய இரவில், உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஸ்டெல்லா பாயிண்டில் நான் திரும்பிவிட்டேன். தோழி உச்சிக்குப் போய் மாமியின் வடையோடு படம் எடுத்துக்கொண்டாள்.

சமையல்காரர் ஐயா, ஒரு விஷயம். உங்கள் நெருப்புப்பெட்டி இங்கே வந்துவிட்டது. அவளுடைய ஜாக்கெட் பையில் இருந்திருக்கிறது. ஏழு குச்சி மீதி. அடுத்த ஜூலையில் எங்கள் பகுதியிலிருந்து இருவர் வருகிறார்கள், அவர்களிடம் கொடுத்துவிடுகிறோம். மாமி வடையும் தருவதாகச் சொல்கிறார். இம்முறை அவருடைய குசினியிலேயே சுட்டது.